மூடியில்லாத கப்பலும் அலைப்பலகையும்

கப்பல் சோதனைக்கூடத்தின் நீளமான தொட்டியில் மாதிரிக் கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. சரக்குப் பெட்டிகளை அடுக்கும் அதன் வயிற்றுக்கு மூடி கிடையாது. இதே அச்சில் பெரிய கப்பல் ஒன்று கட்டப்போவதாகப் பேச்சு. தன் வயிற்றில் தண்ணீர் புகுந்தால் அந்தப் பெரிய கப்பலைக் கட்டாமலே விட்டுவிடுவார்களோ என்று மாதிரிக்கு உள்ளூரப் பயம்.

தொட்டியின் கோடியில் அலை எழுப்பும் பலகை நின்றது.

“அண்ணே, இன்றைக்குக் கொஞ்சம் பார்த்து அடியுங்கள்” என்றது கப்பல்.

“மெதுவாக அடித்தால் என்னைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள், தம்பி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தது நீதானே?”

பலகை ஓங்கி அடித்தது. கப்பல் மூக்கைத் தூக்கித் தூக்கிச் சமாளித்தது. ஆனாலும் ஒரு பெரிய அலை மேலேறி வயிற்றுக்குள் விழுந்தது. எல்லாம் போயிற்று என்று கப்பல் ஒடுங்கிப்போனது.

கரையில் நின்றவர்கள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து அளந்தார்கள். குறிப்பேட்டில் இருந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

“எதற்கண்ணே தட்டுகிறார்கள்? நான் மூழ்காததற்கா, தண்ணீர் குடித்ததற்கா?”

பலகை யோசித்துப் பார்த்தது. “தெரியவில்லையே. என்னையும்தான் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.”

அதற்குள் மறுபடியும் விசையை அழுத்திவிட்டார்கள். அடுத்த அலை எழுந்து வந்தது. மூக்கைத் தூக்குவதா, தாழ்த்துவதா என்று கப்பலுக்கு விளங்கவில்லை.