யார் முறுக்கிய காது?

ராயபுரம் ஸ்டானிஸ்லாஸின் இரண்டு காதும் சுட்ட நண்டாகச் சிவந்து வீங்கியிருந்தன. பெண்டாட்டி ஃப்ளோரா முறுக்கியதுதான் காரணம் என்று அவன் வேலை பார்க்கும் ஹார்பரே சிரித்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "குருத்தெலும்பு இருக்கிற இடம்தான் வீங்கியிருக்கு. கீழே சோணை நல்லாயிருக்கு. மூக்குத்தண்டும் அமுங்குது. இது அபூர்வ வியாதிப்பா, உன் உடம்பே உன் குருத்தெலும்பை அரிக்குது. கார்ட்டிசோன்னு புது மருந்து வந்திருக்கு, ஊசி போடலாம். பாவம், உன் சம்சாரம் மேல தப்பில்லை. சொல்லிடறேன்."

ஸ்டானிஸ்லாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வாணாம் டாக்டர்! தன்னாலதான்னு நெனச்சிகினு தெனம் வஞ்சிரம் வறுத்துப் போடுது. ஒரு திட்டு கெடையாது. என் பொழப்புல மண்ணப் போடாதீங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டர் வெளியே காத்திருந்த ஃப்ளோராவிடம் வந்தார். "ஊசியில சரியாகும்மா. இனி காதைத் தொடாதே."

"நான் முறுக்கினது ஒரு காது டாக்டர்," என்றாள் ஃப்ளோரா. "ரெண்டாவதும் வீங்கினப்பவே இது வேற இன்னாவோன்னு தெரிஞ்சிபோச்சு. வியாதின்னா இந்த மனுசன் பயந்துடும். அதான் பழிய நானே ஏத்துகினேன். பொழைச்சிக்கும்ல?"

"நல்லாயிடுவான்மா."

ஃப்ளோரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆவட்டும். சேத்து வெச்ச திட்டு எவ்ளோ கீது தெரியுமா!"