வாசலுக்கு ஒரு முகம்

நாக்குக்கு மட்டும் சிவப்பு கிடைக்கவில்லை.

சாமி தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து நல்லெண்ணெயில் குழைத்தாள். அட்டைப்பெட்டியின் மூடியில் வரைந்த முகத்தில், இரண்டு கோரைப்பல்லுக்கு நடுவே, தாராளமாகத் தொங்கவிட்டாள்.

காசு கொடுத்து வாங்கிய பேய் ஒன்றுகூட இல்லை. குப்பைப் பையைக் கிழித்துக் கறுப்புத் தோரணம். பழைய தலையணைப் பஞ்சைப் பிரித்து ஒட்டடை. ஊரில் ஒட்டடை அடித்தே வளர்ந்தவள், அமெரிக்காவில் உட்கார்ந்து ஒட்டடை செய்கிறாள். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

ஹாலோவீன் ராத்திரி பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். வாசல் எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு பிள்ளைகள் வருவார்களாம். கடையில் கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள்.

இவளுக்கு வர வேண்டியது ஒரு பிள்ளைதான்.

மகளுக்கு இப்போது நாலு வயது. இரண்டு வயதில் கோர்ட் அவளை அப்பாவிடம் கொடுத்துவிட்டது. அந்த வருஷம் இவளுக்கு மனசு சரியில்லாமல் இருந்தது. இப்போது சரியாகிவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மகளைத் தேடி இவள் போகக் கூடாது என்பது கோர்ட் உத்தரவு. மகளாக வந்து கதவைத் தட்டினால்?

வக்கீலைக் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பாள்.

அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு இது. போன மாதம்தான் குடிவந்தாள். அவனுக்குத் தெரியாது. கதவைத் திறக்கும்போது போட்டுக்கொள்ளப் படுக்கை விரிப்பில் இரண்டு கண் வெட்டி வைத்திருந்தாள். முகத்தை மூடிக்கொண்டு நின்றாலும் யாரும் ஏனென்று கேட்காத நாள் வருஷத்தில் இது ஒன்றுதான்.

மகள் பையில் மிட்டாய் போடும்போது விரல் பட்டால் போதும். அதற்குத்தான் மனசு இந்தப் பாடு பட்டது.

இங்கே வாசலுக்கு வாசல் வைக்கிற பூசணிக்காய் முகம் அவள் கைக்கு வரவில்லை. வந்தது, ஊரில் கட்டுகிற வீடுகளின் முன்னால் தொங்குமே, அந்தத் திருஷ்டி முகம்தான். முட்டைக் கண், முறுக்கு மீசை, இப்போது நாக்கும். கதவில் மாட்டி, வாசல் விளக்கைப் போட்டாள்.

இருட்டத் தொடங்கியதும் வந்தார்கள். சூனியக்காரி வந்தாள், எலும்புக்கூடு வந்தது. முகத்தைப் பார்த்து வீல் என்று கத்தினார்கள், சிரித்தார்கள், கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

கதவை மூடிவிட்டு, வெளியே பார்க்கக் கதவில் வைத்திருந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

ஒரு தேனீ வந்துகொண்டிருந்தது. மஞ்சளும் கறுப்புமாகச் சட்டை, தலையில் ஆடும் இரண்டு கம்பி. அதன் கையைப் பிடித்து வந்தவனை அவளுக்குத் தெரியும்.

எவ்வளவு வளர்ந்துவிட்டாள்!

தேனீ படியேறியது. நின்றது. அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தது.

உதடு கோணியது. பிறகு அழுகை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற அழுகை.

கண் வைக்கிறவர்களை விரட்டவென்றே வரைகிற முகம். அதையா கொண்டுபோய் மாட்டினேன், படுபாவி நான்! கதவைத் திறந்து பிய்த்துப் போடலாம். விரிப்போடு திறந்தால் குழந்தைக்கு இன்னொரு பேய். விரிப்பை எடுத்தால் அவன் பார்த்துவிடுவான்.

அழுகை நிற்க வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது.

சுவரைத் தடவி வாசல் விளக்கை அணைத்தாள். முகம் இருட்டில் போயிற்று.

"பாத்தியா, லைட்ட அணைச்சிட்டாங்க," என்றான் அவன். "அப்படின்னா இந்த வீட்டுக்கு வர வேணாம்னு அர்த்தம். வா கண்ணு, போலாம்."

அழுகை நின்றது.

படியிறங்கினார்கள். ஒட்டினாற்போல் இருந்த அடுத்த வீட்டில் மணி அடித்தது. கதவு திறந்தது. யாரோ ஒரு பெண், தேனீயைப் பார்த்து, உருகி உருகிக் கொஞ்சினாள்.

இவள் விரிப்பை விலக்கிவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டாள்.