பங்களாக் குழாய்க்குக் குளிர்

மற்றத் தோட்டத்துச் சொந்தங்களே, எல்லோரும் சுகமா? பிள்ளைகள் சளி இருமல் இல்லாமல் இருக்கிறார்களா? இருந்தால் சந்தோஷம். நான் சொல்ல வந்தது சந்தோஷமான விஷயம் இல்லை.

தை மாதம். விடிந்தும் விடியாத நேரம். பங்களாவுக்குப் பின்னால் பாறையோடு இறங்கும் இரும்புக் குழாயின் பக்கத்தில், கையில் சுடுதண்ணீர் பக்கெட்டோடு நான் நிற்கிறேன்.

இலங்கை மலைநாட்டில் பட்டிப்பொலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. தை மாதத்தில் தேயிலையெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். உறைந்தால் இரும்பே வெடிக்கும் என்பார்கள்.

அதனால் குளிர்காலம் முழுக்கக் குழாயைச் சாக்கால் சுற்றிக் கட்டி வைப்பார்கள். கட்டுவது வாட்சர் அழகனின் வேலை. பங்களாவில் இருக்கும் தோட்டத்துத் தொரை குளிக்க எழும்புமுன் குழாய் முனையில் சுடுதண்ணீர் ஊற்றி இளக்குவது என் வேலை.

அன்றைக்கு என் மனசு அங்கே இல்லை. எங்கள் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் இருந்தது.

தம்பி பொண்டாட்டி வேலாயி பிள்ளை பெற்று எட்டு நாள். வீட்டில் இருந்த ஒரே கம்பளியை எலி கடித்துச் சல்லடையாக்கி இருந்தது. பிள்ளையை மாவுச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது அந்தப் பிஞ்சின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. அழக்கூட இல்லை.

வருஷா வருஷம் மார்கழியில் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். இந்த வருஷம் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை செல்லசாமி சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம்.

குழாயில் ஒரு சாக்கு அவிழ்ந்து தொங்கியது. தூக்கிக் கட்டலாம் என்று குனிந்தேன்.

சாக்குக்குள்ளே கம்பளி.

புதுக் கம்பளி. மடிப்புக்கூடக் கலையவில்லை. பங்கிடும்போது சண்டை வரக்கூடாது என்று ஸ்டோரிலேயே ஒவ்வொருவர் நம்பரையும் சிவப்பு நூலால் தைத்துவிடுவார்கள். பார்த்தேன். ஐம்பத்தேழு. என்னுடைய நம்பர்.

அடுத்த சாக்கைக் கிழித்தேன். ஐம்பத்தெட்டு. அதற்கு மேலே பாறைவரை, எங்கள் லயம் முழுவதும் வரிசையாகக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது.

சத்தம் கேட்டுச் செல்லசாமி ஓடி வந்தார்.

"ஏ ராக்காயி, கைய எடு! ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"இது என்னங்க ஐயா? கம்பளி வரலேன்னீங்களே!"

"சாக்கு பத்தல புள்ள. மாசி பொறந்ததும் அவுத்துக் காயப்போட்டு ஒங்களுக்கே குடுத்துருவோம். கம்பளி என்ன தேஞ்சா போயிரும்? குழா உறைஞ்சா வெடிச்சிரும். மனுசன் வெடிக்கவா போறான்?"

எனக்கு ஐயாவும் போச்சு, மரியாதையும் போச்சு.

"ஏய்யா, எங்க ஓட்டுரிமையத்தான் புடுங்கிட்டானுக. போத்துறதையுமா புடுங்குவீங்க? அங்க என் தம்பி புள்ள நீலம் பாஞ்சு கெடக்கு. ஒன் குழாய்க்குப் போர்வ கேக்குதா?"

"கத்தாத! தொரை எந்திரிச்சிருவாரு!"

எந்திரிக்கட்டும் என்றுதான் கத்தினேன்.

எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு நினைப்பு. கங்காணி திருடுவான், கணக்கப்பிள்ளை திருடுவான், தொரைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அவனுகளின் தோலை உரித்துவிடுவார். இந்த நினைப்போடுதான் எங்கள் அப்பா செத்தார். நானும் அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. தடித்த கம்பளிக் கவுனைச் சுற்றிக்கொண்டு தொரை வந்து நின்றார்.

நான் கம்பளியை விரித்து, சிவப்பு நூல் தெரியும்படி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

தொரை நம்பரைப் பார்த்தார். வெறுமையாய்க் கிடந்த குழாயைப் பார்த்தார். பிறகு செல்லசாமியைப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, நான் என்னா சொன்னது? மாசி வந்த பொறகுதான் கம்பளி அவுக்கணும். மறந்து போச்சா?"

கதவு மூடிக்கொண்டது.

நான் கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். "வச்சிட்டுப் போ புள்ள, ஒன் நல்லதுக்குச் சொல்றேன்" என்று செல்லசாமி பின்னாலேயே முனகினார். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலாயி கை நீட்டினாள். வாங்கினாள், சுற்றினாள், அடுப்போரம் உட்கார்ந்தாள். நல்லா வெயில் ஏறிய பிறகு பிள்ளை வீறிட்டு அழுதது. அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மத்தியானமே எனக்குப் பத்துச்சீட்டு கிழித்துக் கொடுத்தார்கள். வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு. காரணம், பங்களாக் குழாயைச் சேதப்படுத்தியது.

தோட்டத்தை விட்டுக் கிளம்ப எனக்கு மூன்று நாள் தவணை. அந்த மூன்று நாளும் நான் அவிழ்த்த இடத்தில் யாரும் எதையும் கட்டவில்லை. மூன்று நாளும் பனி கொட்டியது. தொரை மூன்று நாளும் குளித்தார்.

குழாய் வெடிக்கவே இல்லை.

உங்கள் தோட்டத்தில் யாருடைய கம்பளி எங்கே கிடந்தது? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். தொரையின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.