பலகையைத் தொட்டவள்

ஊர்ப்பலகை கண்ணில் படுவதற்கு முன்பே ஹெஸ்டர் கியரைக் கூட்டிவிட்டாள்.

அந்தச் சத்தம் போதும். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த க்ளெமெண்ட் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது 'லட்லோ' என்று எங்கள் ஊர்ப்பெயர் எழுதிய பலகையை யார் முதலில் தாண்டுகிறாரோ, அவர் அதைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாரத்துக்கு வழி சொல்ல வேண்டும்.

சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது.

மூன்று வருஷமாகப் பெரும்பாலும் க்ளெமெண்ட்தான் சொல்கிறான். விக்மோர், லெயின்ட்வர்டீன், ஆற்றோரமாக ப்ரோம்ஃபீல்ட். எல்லாம் நல்ல வழிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் க்ளீ ஹில் என்ற பெயர் மட்டும் அவன் வாயில் வராது.

ஊரில் எங்கே நின்று கிழக்கே பார்த்தாலும் அந்த மலைதான் நிற்கிறது. நாங்களோ அதைத் தவிர எல்லா இடத்துக்கும் போய் வந்தோம்.

புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஜாஸ்பருக்கு இதில் கொண்டாட்டம். "ஏத்தம்னாலே ஐயாவுக்கு வயித்தக் கலக்கிடும்" என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்வான். க்ளெமெண்ட் சிரித்துக்கொண்டே கேக்கைப் பிட்டுத் தின்பான். பழையவர்கள் நாங்கள் டீயைக் கலக்குவோம். ஜாஸ்பர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஹெஸ்டருக்குக் க்ளீ ஹில் வேண்டும். அதை அவள் ஒளித்தும் வைக்கவில்லை. வசந்தம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பலகைக்காக மூச்சு முட்ட மிதித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டுச் சீக்கிரமே முன்னால் பாய்ந்துவிடுவாள். எதிர்க்காற்று அவளைத் தின்றுவிடும்.

இன்று கியரைக் கூட்டிய பிறகும் அவள் அவசரப்படவில்லை.

க்ளெமெண்டின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். காற்றையெல்லாம் அவன் வாங்கினான். அவளுக்குப் பின்னால் நான். வேலி ஓடியது, ஆடுகள் ஓடின, தேவாலயக் கோபுரம் மரங்களுக்கு மேலே எழும்பியது. அப்போதும் அவள் அசையவில்லை.

பலகை தெரிந்தது.

ஹெஸ்டர் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள்.

அறுபது வயதுக்காரி அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. க்ளெமெண்டும் எழுந்தான். வாயைப் பிளந்து, தோள்கள் இரண்டும் ஆட, உயிரைக் கொடுத்து மிதித்தான். ஒன்றை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் ஜெயித்தாள். ஒரு டயர் அகலம்தான் வித்தியாசம், ஆனாலும் ஜெயித்தாள்.

எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பலகையைத் தொட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை க்ளீ ஹில்."

ஜாஸ்பர் விசிலடித்தான். "அப்பாடா, மலைக்கு விமோசனம் கெடச்சிருச்சு! க்ளெமெண்ட், முட்டிக்குத் தைலம் தேச்சுக்கிட்டு வாப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே ஏதோ உறைத்து வாயை மூடிக்கொண்டான்.

க்ளெமெண்ட் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "வேணாம் ஹெஸ்டர். வேற எங்க வேணா சொல்லு. வேல்ஸுக்குக் கூப்பிட்டாலும் வரேன். அது மட்டும் வேணாம்."

"ஜெயிச்சவ நான். மறுபேச்சு கிடையாதுன்னு சட்டம் போட்டதே நீதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் ஏற்றத்துக்குப் பயந்தவனே அல்ல. எங்களில் அந்த மலையை அவனைவிட வேகமாக ஏறியவர்கள் கிடையாது. அவன் பயந்தது இறக்கத்துக்குத்தான்.

இறங்கும்போது முன்னால் போகிறவன் சாலையில் பள்ளம் வந்தால் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு முன்சக்கரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தக் கையை நம்பித்தான் வருவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தூறல் நாளில் க்ளெமெண்ட் முன்னால் இறங்கினான். வளைவில் பள்ளம் இருந்தது. பிரேக்கைப் பிடிக்கவே அவனுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. காட்டுவதற்குக் கை இல்லை. அவன் எப்படியோ தப்பித்துக் கீழே வந்துவிட்டான்.

அவனுக்குப் பின்னால் வந்த லயனல் வரவில்லை. லயனல் ஹெஸ்டரின் கணவன்.

அன்றிலிருந்து க்ளெமெண்ட் எந்த இறக்கத்திலும் முன்னால் போனதில்லை. கடைசி ஆளாகத்தான் இறங்குவான்.

ஹெஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

"ஏறும்போது யார் வேணா முன்னால போங்க. இறங்கும்போது க்ளெமெண்ட்தான் முன்னால. அவனுக்கு அடுத்தது நான்."