குனியாத முதுகு

மேடையில் மற்ற பிள்ளைகள் எல்லோரும் காலில் விழுந்து எழுந்தாகிவிட்டது. இனி அவள் முறை.

மாஸ்டர் வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, கால்களைச் சேர்த்துவைத்து நின்றார். ஆசி வழங்கக் கை தயாராக இருந்தது.

அவள் அசையவில்லை.

சுடிதாருக்கு வெளியே, ஊரே பார்க்கும்படி, இடுப்பு பெல்ட்டைக் கட்டியிருந்தாள். வழக்கமாக அதை உள்ளே கட்டி மறைப்பாள். இன்று துப்பட்டாகூடப் போடவில்லை.

பின்னால் பிளெக்ஸிலும் மாஸ்டர் நின்றார், கைகூப்பியபடி. யோகா மாஸ்டர் ஜெயங்கொண்டானுக்கு வெள்ளிவிழாப் பாராட்டு. கீழே அவருடைய வாசகம்: வளையும் முதுகே வாழ்வில் நிமிரும். அதற்கும் கீழே, கையும் காலும் தரையில் ஊன்றி, மல்லாந்து வில்லாக வளைந்து, வயிற்றின் மேல் நிறைகுடம் வைத்திருக்கும் ஒரு சிறுமி.

அந்தச் சிறுமி இவள்தான்.

சாதனைப் பட்டம் மாஸ்டருக்கு வந்தது. விரிசல் இவளுக்கு வந்தது.

முதுகுத்தண்டின் அடி எலும்பில், மயிரிழை அளவு. ஒரே நாளில் விழுந்ததல்ல. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியாதா, அப்படித்தான் என்றார் டாக்டர்.

குட்டக் குட்டக் குனிபவனும் முட்டாள் என்பார்கள். இவள் குனியக்கூட இல்லை. பின்பக்கமாக வளைந்தாள்.

வலிக்கிறது என்று முதலில் சொன்னபோது மாஸ்டர் சிரித்தார். மறுபடி சொன்னபோது, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து இன்னும் மேலே தூக்கினார். அப்புறம் ஒருநாள் அவள் அழுதுவிட்டாள். அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"நடிக்கிறாம்மா. போட்டின்னா பயம், வேற ஒண்ணுமில்ல."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அம்மா நம்பினாள். பள்ளிக்கூடம் நம்பியது. கூட வளைந்த பிள்ளைகள் நடிப்புக்காரி என்று பேரே வைத்தார்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரேயும் அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. அதற்குள் அவளுக்குத் தும்மவே பயமாகியிருந்தது.

அப்புறம் பெல்ட். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். வகுப்பில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்று பாடம் கேட்டாள். வீட்டில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றை உள்ளே இறுக்கும் பயிற்சி. யாரையாவது மனசுல திட்டிக்கிட்டே செய், நல்லா இறுகும் என்று பிசியோதெரபி அக்கா விளையாட்டாகச் சொன்னாள். அவளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

வயிறு நன்றாகவே இறுகியது.

விட்டுத்தள்ளு என்றார்கள் எல்லோரும். விடுவதாவது. அவருடைய ஸ்கூட்டரை உடைக்கலாமா, வீட்டுக் கதவில் சாணியைப் பூசலாமா என்றெல்லாம் படுத்தபடி யோசித்திருக்கிறாள். பழிவாங்கியே தீர வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் மாஸ்டரே அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்தார். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க என்று அம்மாவிடம் சொன்னார். அவளிடம், வளைந்து கிடந்து தலைகீழாகவே பார்த்துப் பழகிய அந்த முகத்தோடு, வந்துடும்மா என்றார்.

நேற்று டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது. இனி பெல்ட் வேண்டாம். குனியலாம், ஓடலாம். பின்னால் வளைவது மட்டும் வேண்டாம்.

இன்று காலை அவள் பெல்ட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கட்டிவிட்டாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.

"குடம் சாதனை படைச்ச நம்ம மதிவதனி," என்றார் மைக் பிடித்தவர். "கால்ல விழுந்து ஆசி வாங்கிக்கம்மா."

வாகாக, மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

"குனிய முடியாது மாஸ்டர். முதுகெலும்பு விரிசல் விட்டுப்போச்சு. நீங்க கை குடுத்துத் தூக்குன இடத்துலதான்."



ஆசி வழங்க நீண்ட கை, என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்தது. முன்வரிசையில் ஒரு தாய் பிளெக்ஸையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யோகா உடுப்பில் இருந்த தன் மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள்.

கேசரி வருவதற்குள் பாதி நாற்காலி காலி.

வாசலில் செருப்புக் குவியல். அவள் பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள். தன் செருப்பைக் காலால் இழுத்துப் போட்டு, இடுப்பை மடக்கிச் சுலபமாகக் குனிந்து, வாரை மாட்டினாள்.

வலி இல்லை.

நிமிர்ந்தபோது படியில் மாஸ்டர். பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவித் தொங்கியது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார்.

வாய் திறந்தார். நடிக்கிறா என்ற அந்தப் பழைய சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி தாய்மார்கள் அவரைக் கடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டார்.

அவள் மாட்டிய வாரை அவிழ்த்தாள். அவர் நன்றாகப் பார்க்கும்படி, இன்னொரு முறை குனிந்து, நிதானமாக மாட்டினாள்.