ஜவாத்தின் கடவுச்சொல்

நிந்தவூர் அரிசி ஆலையில் ஜவாத்தை வெட்டிக் கொன்றது அவருடைய மச்சான் காலிதீன்தான் என்று ஊருக்கே தெரியும், பொலிசுக்குத்தான் தெரியாது. கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய மனிதர் கமெராவை மறந்துவிட்டார்.

பின்னேரம் பொலிஸ் வருமுன் பதிவை அழித்தாக வேண்டும். கணினிக்கார ஸப்ரியைக் கூப்பிட்டு, கமெராக்களை இணைக்கும் சுவிட்சுக்குள் தன் பெயரை மட்டும் விடும்படி, யார் நுழையலாம் என்று பார்க்கும் சேர்வரை அமைக்கச் சொன்னார்.

“முதலாளி, சேர்வர் உங்கள விடுதில்ல. ஜவாத் காக்காவத்தான் விட்டிரிக்கி.”

“அவன்ட பேர அழிக்கல்லயாடா?”

“காலையிலேயே அழிச்சிட்டன். உங்கட மேசைக் கணினியில இருந்துதான் உள்ள வாறாரு.”

காலிதீன் திரும்பினார். ஆளில்லாத மேசையில் கணினியின் விசைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன, ஒற்றைக் கையால் அடிப்பவரின் நிதானத்தில். ஜவாத்தின் மற்றக் கையைத்தான் இவர் வெட்டி வாய்க்காலில் எறிந்துவிட்டாரே.