அமாவாசைச் சோறு

கல்யாணராமனின் பட்டு ஜிப்பா பலகையில் விரிந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டிக்குள் கரி செக்கச் செவேலென்று கனன்றது. ஒரே ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் வைத்தால் போதும் என்று சுலோச்சனாவுக்குத் தோன்றியது.

"இன்னாமே, பொட்டிய புட்ச்சிக்கினு அப்டியே நிக்கிற?" என்றான் புருஷன் பொன்னுரங்கம். "அது ஐயரோட ஜிப்பா. பொத்தல் வுட்டே, நம்ம பொழப்பு பூடும்."

"ஜிப்பா போனா வேற ஜிப்பா வாங்கிக்குவாரு. அது பத்தாது எனக்கு." பெட்டியை நகர்த்தியபோது முழங்கைச் சிராய்ப்பு சுரீரென்றது. தோல் வழண்டிருந்தது.

"கையில இன்னா காயம்?"

"எங்கியோ ஒரசிக்கிச்சு. நீ தண்ணி தெளி."

அடையாறு காந்தி நகரில் அந்த ஃப்ளாட்ஸ் வாசலில் பதினைந்து வருஷமாக அவர்களுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. முன்பு அதற்கு நிழல் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் உச்சியில் வருஷா வருஷம் வக்காக்கள் கூடு கட்டும். பகலெல்லாம் கிளையில் தூங்கி வழிந்துவிட்டு, விளக்கு வைத்ததும் ஆற்றுப் பக்கம் மீனுக்குக் கிளம்பும் சாதுப் பறவைகள்.

எச்சம் தன் ஸ்கூட்டர் மேல் விழுகிறதென்று அசோசியேஷன் செக்ரட்டரி கல்யாணராமன் போன தை மாசம் ஆளை விட்டு மரத்தைச் சாய்த்தார். "கூட்டுல குஞ்சு கீது சாமி, ஒரு மாசம் பொறுங்க" என்று சுலோச்சனா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "நீ துணியைத் தேய், அது போறும்" என்றுவிட்டார் மனுஷன்.

இருபத்தேழு குஞ்சுகள் தார் ரோட்டில் விழுந்தன. உயிரோடிருந்த நாலைத் துணிக்கூடையில் போட்டு நெத்திலி ஊட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் நாலும் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு அவள் வயிறு எரிந்தது இன்னும் அடங்கவில்லை.

இப்போது பக்கத்திலிருந்த வேப்பமரத்தின் முறை. காக்காயும் குயிலும் விடியுமுன்னே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கின்றனவாம். திங்கட்கிழமை ஆள் வருகிறானாம். போன வாரம் கீழே விழுந்து தத்திக்கொண்டிருந்த காக்காய்க் குஞ்சு, இப்போது அந்த வேம்பின் கூட்டில் உட்கார்ந்து ஜோராக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆனால் நாலு நாளாகக் காக்காய்கள் கல்யாணராமனைப் படுத்துகிற பாடு இருக்கிறதே! முதல் நாள் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே இரண்டும் சேர்ந்து பாய்ந்தன. பிடரி, தோள், கை, ஓரிடம் பாக்கியில்லை. மத்தியானமெல்லாம் வேம்படியில் ஸ்கூட்டர் கண்ணாடியில் கேட்பாரற்றுத் தொங்குகிற சிவப்பு ஹெல்மெட்டை இப்போது பால் பூத்துக்குக்கூட மாட்டிக்கொண்டு நடந்தார். தெருவே சிரித்தது. சுலோச்சனா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அன்றைக்கும் அப்படித்தான், வேட்டியும் ஹெல்மெட்டுமாக ஜிப்பாவுக்கு வந்து நின்றார். ஆனால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கு அமாவாசைம்மா. மொட்டை மாடில சாதம் வெச்சுண்டு அரைமணியாக் கத்தறேன். ஒரு பருக்கை எடுக்கலை. கையைக் கொத்திடுத்து! பக்கத்தாத்துச் சாதத்தை மட்டும் தின்னுட்டுப் போறது."

"ஹெல்மெட்ட போட்டுக்கினேவா சாமி கூப்ட்டீங்க?"

"பின்னே? மண்டையைப் பொளந்துடுமே!" ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்கப்பாதான் வந்து கொத்தறார். என்னமோ பெரிய பாவம் பண்ணிட்டேன் போலருக்கு."

"இருவத்தேழு சாமி."

"என்னது?"

"குஞ்சுங்க. தை மாசம் மரத்த சாச்சீங்களே, அன்னிக்கு. நான்தான் பொறுக்கி எடுத்தேன்."

கல்யாணராமன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். 

"இப்பவே டெலிபோன் பூத்துக்குப் போய் அந்த ஆளுக்குப் போன் பண்ணி வராதேன்னுடறேன். நான் இருக்கற வரைக்கும் இந்த மரத்து மேல ஒருத்தன் கை வைக்கப்படாது. போறுமா?"

"அத மேல பாத்து சொல்லுங்க சாமி."

மேலே பார்த்துக் கும்பிட்டார். வேர்வை தாங்காமல் ஹெல்மெட் வாரை அவிழ்க்கப் போனவரைச் சுலோச்சனா பதறித் தடுத்தாள்.

"ஐயோ, கழட்டாதீங்க! கோவம் தீர நாளாவும்."

சொன்ன பேச்சைக் கேட்டு வாரை இறுக்கிக்கொண்டு அவர் பூத்தைப் பார்க்க நடந்தார். இரண்டு காக்காய்களும் விடாமல் துரத்திக்கொண்டு போயின.

"பாவம்மே" என்றான் பொன்னுரங்கம். "மெய்யாலுமே அவங்கப்பாவா கொத்துறாரு?"

"குஞ்சு மேல கைய வெச்சா காக்கா சும்மா வுடுமா?"

"அவரு எப்ப கைய வெச்சாரு?"

சுலோச்சனா ஜிப்பாவை ஒரு சுருக்கமில்லாமல் மடித்து வைத்தாள். முழங்கைச் சிராய்ப்பை மெல்லத் தடவிக்கொண்டாள்.

"கீழ வுழுந்தத மூணு தபா மரமேறி கூட்டுல வெச்சது நான்தான்யா. அவரு ஹெல்மெட்ட மாட்டிக்கினு."